பூனைக்குப் பாடு போட்ட வருஷம்

மகனே,

சாக்கை இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதே. கட்டிவிட்டாய் என்றால் அவிழ்த்துவிட்டு, தனியாக ஓரிடத்தில் உட்கார்ந்து இதைப் படி. நலம் விசாரிப்பதை எல்லாம் வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை புருஷன் எழுதுகிறான். ஒல்லாந்துக்காரர் கோட்டைப் பண்டசாலையில் எழுத்து வேலை பார்ப்பதால் மாப்பிள்ளைக்குக் கை நன்றாக ஓடுகிறது. ஆனால் நான் வாய் நிறையத் திட்டுவதை எல்லாம் அவன் மரியாதையான தமிழாக்கிவிடுகிறான். இதில் எங்கெல்லாம் சொல் மெத்தென்று இருக்கிறதோ அங்கெல்லாம் உன் அம்மா இரண்டு மடங்கு காரமாகப் பேசியிருக்கிறாள் என்று நீயே சேர்த்துப் படித்துக்கொள். நீயும் அவனும் ஒன்றாக எழுத்துப் படித்தவர்கள் என்ற தைரியத்தில்தான் இவ்வளவையும் சொல்கிறேன். இதை இன்னொருவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே.

மீன் ஏற்றி வந்த படகுக்காரரிடம் நீ சொல்லி அனுப்பிய சேதி நேற்று வந்தது. உங்கள் குப்பத்தில் வீட்டுக்கு ஒரு பூனைதான் என்று கூட்டம் போட்டு முடிவு செய்துவிட்டார்களாம். காயப்போட்ட மீனைப் பூனைகள் இழுத்துக்கொண்டு போவதாக வழக்காம். உன் வீட்டில் ஐந்து பூனை, ஐந்தும் உன் பெண்டாட்டி அஞ்சலை வளர்ப்பவை. அமாவாசைக்குள் நாலை ஒழிக்காவிட்டால் ஏரியில் மீன் பிடிக்க உனக்கு வரவேண்டிய முறையை, அந்தப் பாட்டை, இந்தச் சுற்றில் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். நீ அந்த நாலையும் சாக்கில் கட்டி, ஏரி நடுவில் இருக்கும் மணல் திட்டில் விட்டுவிட்டு வரப்போகிறாயாம். அவை ஏறும் படகிலேயே தானும் ஏறித் தாய்வீட்டுக்குப் போய்விடுவதாக அஞ்சலை சொல்கிறாளாம். கல்யாணமாகி ஒரு மழைக்காலத்தைக்கூட நீங்கள் சேர்ந்து பார்க்கவில்லை, அதற்குள் இது. கடைசியில், "ஒரு வூட்ல எத்தினி பூனை இருக்கலாம்னு எங்கம்மாவையே கேட்டுக்கினு வா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். படகுக்காரர் அதைச் சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஏரியில் மீன் நிற்கிற இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்து, வீடு வீடாகப் பங்கிட்டுப் பிழைக்கிறவர்கள் நாம். முகத்துவாரத்துப் பக்கம் இருக்கிற நல்ல பாடு இன்று ஒருவனுக்கு, நாளை இன்னொருவனுக்கு என்று இருப்பதால்தான் அண்ணனும் தம்பியும் கழியை ஓங்காமல் இந்தக் கரையில் குடியிருக்கிறோம். நம் முறை தவறினால் சுற்று முழுக்க வந்து முடியும்வரை ஓரத்தில் நின்று அடுத்தவன் வலையை வேடிக்கை பார்க்க வேண்டும். புதுக்குடித்தனம் போட்டவனுக்கு முதல் பாடே கைவிட்டுப் போனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் ஏதோ பூனைமேல் இரக்கப்பட்டுப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதே. பூனைக்கு நான் கொடுத்த அடியை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். துடைப்பக்கட்டை, அகப்பை, ஒருமுறை ஒரு முழு வஞ்சிர மீனையே எடுத்து ஓங்கியிருக்கிறேன், அதையும் அது பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. உங்கள் குப்பத்துக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஐந்து பூனை திருடினால் பக்கத்து வீட்டுக்காரி வயிறு எரியத்தான் செய்வாள்.

ஆனால் 'வீட்டுக்கு ஒன்று' என்று ஆண்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்தார்கள் என்று கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. இதே மாதிரி ஒரு கூட்டம் இந்த ஊரிலும் நடந்தது. அப்போது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். அதைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏன் சொல்லவில்லை என்பதும் போகப் போகத் தெரியும். உன் நைனா இப்போது முகத்துவாரம் வரை போயிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் இதைச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளையை அவசரப்படுத்திக்கொண்டிருக்கிறேன். அவன் வாசலைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறான்.

அந்த வருஷம் நம் வீட்டில் மூன்று பூனைகள் இருந்தன. சாம்பல் நிறத்தில் ஒன்று எப்போதும் மீன் காயும் இடத்தில் படுத்திருக்கும். அது திருடாதா என்று கேட்பாய். திருடும். ஆனால் தான் திருடுகிற இடத்தில் காக்காயையும் எலியையும் வேறு பூனையையும் அண்ட விடாது. இரண்டாவது கிழட்டுக் கடுவன், ஒரு வேலையும் செய்யாது, உன் தூளிக்குக் கீழே தூங்குவதோடு சரி. மூன்றாவது பெட்டைப்பூனை. மீசை நீளமாக இருந்ததால் அதற்குக் கெளுத்தி என்று பேர் வைத்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பு இறக்கி வலைகளை மடித்துக் குவித்து வைத்திருந்தோமே, அந்தக் குவியல்தான் அதன் இடம். இறால் பிடிக்கிற சுத்துவலையில் ஒரு கண்ணை எலி கடித்தால் அன்றைக்கு உழைப்பு முழுவதும் அந்த ஓட்டை வழியே போய்விடும் என்பது உனக்கே தெரியும். கெளுத்தி இருந்தவரை நான் வலையில் எலிக்கடி பார்த்ததில்லை.

அப்போதுதான் கோட்டையிலிருந்து ஆள் வந்தது. பண்டசாலையில் அடுக்கி வைத்திருந்த பூவேலைத் துணிக்கட்டுகளை எலி கடித்துக் குதறிவிட்டதாம். அதோடு, கடல் தாண்டி அவர்களுடைய பத்தாவிப் பட்டணத்துக்குப் போகிற கப்பல் ஒன்று நங்கூரம் போட்டு நின்றது. அதற்கும் பூனை வேண்டுமாம். ஒல்லாந்துக்காரர்கள் பலாத்காரம் எதுவும் செய்யவில்லை, பொய் சொல்லக்கூடாது. ஒரு பூனை கொடுத்தால் ஒரு கட்டு நூல் தருவதாகச் சொன்னார்கள். நல்ல முறுக்கேறிய வெள்ளை நூல். அதைத் தடவிப் பார்த்த நம் ஊர் ஆண்களுக்குக் கண் விரிந்துவிட்டது. பூனை சும்மா கிடைக்கிறது, வலைநூல் சும்மா கிடைக்குமா என்று ஆளாளுக்குக் கூடையில் அமுக்கிக்கொண்டு ஓடினார்கள். உன் நைனா சாம்பலையும் கிழத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார். கெளுத்தி அன்றைக்குக் கையில் அகப்படவில்லை. கிழட்டுப்பூனை கூடைக்குள்ளும் தூங்கிக்கொண்டேதான் போயிற்று. அது கப்பலில் என்ன எலி பிடித்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

அந்த நூலில் கஞ்சிப் பசை ஏறியிருந்தது. நம் ஆட்கள் வலை முடைந்தால் பட்டைச் சாற்றில் போட்டு வேகவைத்து, கசப்பு ஏற்றிக் காயவைப்பார்கள். இந்த நூலோ பார்க்கவே பளிச்சென்று இருக்கிறது, பட்டை ஏற்றி ஏன் கறுப்பாக்க வேண்டும் என்று அப்படியே முடைந்துவிட்டார்கள். கஞ்சி ஊறிய நூல், அதில் மீன் வாடை, ஊரில் பூனையும் இல்லை. எலிக்கு இதைவிடப் பெரிய கல்யாண விருந்து எது. ஒரே பருவத்தில் ஊர் முழுக்க எலி மண்டிவிட்டது. அரிசிப் பானையில் எலி, கருவாட்டுக் கூடையில் எலி, தூளியில் தூங்குகிற உன் காலடியில் எலி. மிஞ்சியிருந்த சில பூனைகளுக்காக வீட்டுக்கு வீடு சண்டை. எங்கள் பூனையை ஏன் உங்கள் வீட்டில் கட்டிப்போட்டாய் என்று ஆரம்பித்து ஒருவன் தலை உடைந்தது.

ஊர்ப் பெரியதனக்காரர் அம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டார். பாட்டுக் கணக்கில் உன் நைனாவை மிஞ்ச ஆள் கிடையாது என்று அந்தக் காலத்தில் பேர். எந்த வீட்டுக்கு எந்தப் பாடு எப்போது வரும் என்று விரல் மடக்காமல் சொல்லுவார். அவர்தான் எழுந்து, "ஏரியையே பங்கு போட்டு முறை வெச்சிக்கினோம். பூனைய வெச்சிக்க முடியாதா? பூனைக்கும் பாடு போடு. அமாவாசைக்கு அமாவாசை அடுத்த வூட்டுக்குப் போவட்டும். யாருக்கும் கூடக்குறையில்ல" என்றார். கூட்டமே தலையாட்டியது. பெரியதனக்காரர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். அன்றே சீட்டுப் போட்டார்கள். இதற்குப் பெயர்தான் ஆண்பிள்ளைகளின் புத்தி என்று எழுது என்றேன். மாப்பிள்ளை தயங்குகிறான். எழுது.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். "ஏன்யா, ஏரி எடம் நவுராது. நீ அதுகிட்ட போற. பூனை அப்பிடியா? அதுக்குன்னு ஒரு மூலை கீதுய்யா. அந்த மூலைய விட்டா அது பூனையே இல்ல." உன் நைனா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஊரே ஒத்துக்கிச்சி, உனக்கு இன்னா வந்துச்சி" என்றார். அவர் அந்த யோசனையைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் முன்னால் பெரியதனக்காரரைக் கேட்டிருந்தார். கோட்டையில் வேலை பார்த்த ஒரு சினேகிதரைக் கேட்டிருந்தார். அம்மன் முன்னால் பூப்போட்டுப் பார்த்து அவளைக்கூடக் கேட்டிருந்தார். மீன் காயவைப்பதும் வலைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதும் பூனைக்குப் பெயர் வைத்ததும் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது, என்ன செய்ய.

பிறகு நடந்ததை நீயே யோசித்துக்கொள்ளலாம். கூடையில் போட்டு மேலே வலைத்துண்டு கட்டி ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பூனையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். திறந்துவிட்ட உடனே அது பழைய வீட்டுக்கு ஓடி வந்துவிடும். ஓடி வந்தால் பாட்டுமுறையை மீறியது என்று வழக்கு. உன் வீட்டில் சோறு வைத்து இழுக்கிறாய் என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். அதனால் கட்டிப்போட ஆரம்பித்தார்கள். கட்டிப்போட்ட பூனை எலி பிடிக்குமா? எலிகள் அதன் முன்னாலேயே நடந்து போயின. ஆனால் முறை மட்டும் பிசகவில்லை. அமாவாசை வந்தால் கூடை நகர்ந்தது. முறை சரியாக நடக்கிறது என்று உன் நைனாவுக்கு ஒரே திருப்தி.

கெளுத்தி நம் வீட்டை விட்டுப் போகவேண்டிய அமாவாசை வந்தபோது அது குட்டி போட்டிருந்தது. வலைக்குவியலுக்கு உள்ளே, நடுவில் ஒரு குழி பறித்து, கண் திறக்காத நாலு குட்டிகள். நான் வாசலை மறித்து நின்றேன். "குட்டி கண்ணு தெறக்கட்டும். அடுத்த அமாவாசைக்கு எடுத்துக்கினு போங்க" என்றேன். எடுக்க வந்தவன் உன் நைனாவைப் பார்த்தான். உன் நைனா தரையைப் பார்த்தார். "நானே சொல்லிட்டு நானே மீற முடியுமா? பாடுன்னா பாடுதான்" என்றார். குட்டிகளையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமே என்று நீ கேட்கலாம். நானும் கேட்டேன். சீட்டு ஒரு பூனைக்குத்தான், நாலு குட்டியும் அந்த வீட்டுக்கே என்று விட்டால் கணக்கு கெட்டுவிடும் என்றார்கள். கெளுத்தி அந்த வீட்டில் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடியது. ஆனால் நம் வீட்டுக்கு வந்து சேரவில்லை. வழியில் நாய்களிடம் சிக்கியதோ, பயந்து பனந்தோப்புப் பக்கமோ கள்ளிப் புதர்ப் பக்கமோ போய்விட்டதோ, அதை மறுபடி யாரும் பார்க்கவில்லை. துணியை ஆட்டுப்பாலில் நனைத்து நான் குட்டிகளின் வாயில் வைத்துப் பார்த்தேன். உனக்குப் பால் கொடுத்துவிட்டு எழுந்து போய் அவற்றுக்கும் கொடுப்பேன். ஒவ்வொன்றாகக் கத்தி ஓய்ந்தன. நான் அழுதேன். ஒரு பூனைக்குட்டிக்கு இவ்வளவா என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

பூனை போன பிறகு சாய்ப்புக்குள் எலிகளின் ராஜ்ஜியம்தான். வலைக்குவியலுக்குள் ஓயாமல் சரசரவென்று ஓட்டம், கீச்சு கீச்சென்று சத்தம். கழியால் அடித்தால் ஒரு கணம் அடங்கும், மறுபடி கிளம்பும். நான் அதைக் கேட்டுக்கொண்டே சமைப்பேன், அதைக் கேட்டுக்கொண்டே உன்னைத் தூங்கவைப்பேன். அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. நம் முறைக்கு முகத்துவாரத்துப் பாடு வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு முந்தின நாள் வலையை வெளியே எடுத்து உதறிச் சரிபார்ப்பதுதான் வழக்கம். உன் நைனா அன்று இன்னொரு வீட்டுப் பூனை வழக்கைத் தீர்த்துவைக்கப் போய்விட்டார். காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

பாட்டு நாள் காலையில் வெளிச்சம் வந்ததும் எழுந்து அடுப்பு மூட்டினேன். ஏதோ குறைகிறது என்று தோன்றியது, என்ன என்று தெரியவில்லை. உன்னைப் பார்த்தேன், நீ தூங்கிக்கொண்டிருந்தாய். பிறகுதான் உறைத்தது. சாய்ப்பிலிருந்து சத்தம் வரவில்லை. எலிச் சத்தமே இல்லை. அவ்வளவு எலியும் ஒரே மூச்சில் எங்கே போகும்? பூனை இருந்தால் எலி அடங்கும். பூனையும் இல்லை. அடுப்பை அப்படியே விட்டு ஓடினேன். உன் நைனா சாய்ப்பில் குனிந்து வலையின் தலைக்கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தார். கரையில் படகுக்காரர்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யோவ், கைய வெக்காத. எலிச் சத்தமே இல்லய்யா. உள்ள வேற இன்னாவோ கீது."

"எலி இல்லன்னா நல்லதுதான?"

"பூனை இல்லாம எலி ஏன்யா அடங்கும்? கழியால பெரட்டிப் பாரு. இத்தினூண்டு நேரம் பொறு."

"பாட்டு நேரத்துல பேஜார் பண்ணாத. தள்ளு."

நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையை உதறிவிட்டு, வலது கையை வலைக்குவியலுக்குள் முழங்கை வரை விட்டார். பூனைக்குட்டிகள் கிடந்த அதே குழிக்குள். கையை வெளியே எடுத்தபோது முகத்தில் கோபம்தான் இருந்தது, வலிகூட இல்லை. "முள்ளு குத்திச்சி போல" என்றார். வலை அசைந்தது. செதில் செதிலோடு உரசுகிற ஒரு சத்தம் வந்தது. மணலில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்தச் சத்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுருட்டை விரியன். எலியைத் தின்ன வந்து, மிச்ச எலிகள் பயந்து ஓடியதும் அங்கேயே சுருண்டு படுத்திருந்தது.

அதன் பிறகு நடந்ததை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. வலைக்கயிற்றை அறுத்துக் கையில் கட்டினோம். ஊரிலிருந்து விஷவைத்தியரைக் கூட்டிவந்தார்கள். ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. கை தோள் வரை வீங்கியது. நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மனைத் திட்டினேன், கோட்டையைத் திட்டினேன், பேச்சுமூச்சில்லாமல் கிடந்த அவரையும் திட்டினேன். மனிதர் பிழைத்தார். சுண்டு விரலும் மோதிர விரலும் கறுத்து அழுகிப் போயின. அந்தப் பாட்டை அன்றைக்கு அடுத்த வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார், அதுதானே முறை. அதன் பிறகு உன் நைனாவால் வலைக்கயிற்றை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. மற்ற பிள்ளைகள் மணலில் உருண்டுகொண்டிருந்த வயதில் நீ படகேறிக் கயிறு பிடித்தது அதனால்தான்.

உன் நைனா கையைத் திருக்கை வால்முள் அடித்துவிட்டது என்றுதான் உனக்குத் தெரியும். அதை அவரே சொன்னார். படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, பார்க்க வந்தவர்களிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஊரும் ஒத்துக்கொண்டது. ஏன் ஒத்துக்கொள்ளாது? அத்தனை பேரும் சீட்டு எடுத்தவர்கள்தானே. பாம்பு என்று சொன்னால் எலியைச் சொல்ல வேண்டும், எலியைச் சொன்னால் பூனையைச் சொல்ல வேண்டும், பூனையைச் சொன்னால் கூட்டத்தைச் சொல்ல வேண்டும். அதனால் எல்லோரும் சேர்ந்து திருக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். பூனைப்பாட்டை நிறுத்துகிறோம் என்று யாரும் கூட்டம் போடவில்லை. அந்தந்த வீட்டுப் பெண்கள் எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டோம். பூனைகள் அதது தன் வீட்டைப் பார்த்துப் போயின.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் அஞ்சலையின் ஐந்து பூனைகளும் எந்தெந்த மூலையில் படுக்கின்றன என்று உனக்குத் தெரியுமா? வலைக்குப் பக்கத்தில் படுப்பது எது? சினையாக இருப்பது எது? காயும் மீனைத் தொடாதது எது, தொடுவது எது? தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் நாலை ஒழித்துவிட்டால் மிஞ்சுகிற ஒன்று எது என்று நீயாகவே முடிவு எடுத்துவிடப் பார்க்கிறாய். நீ ஏரியில் இருக்கும்போது அந்த வீட்டில் நாள் முழுக்க இருக்கிறவள் அவள். அவள் அழுவது பூனைக்காக மட்டும்தான் என்று நினைக்கிறாயா? நான் அன்று வாசலை மறித்து நின்றபோது உன் நைனாவும் அப்படித்தான் நினைத்தார்.

கூட்டத்துக்குப் போ. போய் மரியாதையாகப் பேசு, நியாயம் அவர்கள் பக்கமும் இருக்கிறது. காயும் மீனுக்கு மேலே குச்சி நட்டுப் பழைய வலையை இழுத்துக் கட்டிக்கொடுக்கிறேன், பக்கத்து வீடுகளுக்கும் நானே கட்டிக்கொடுக்கிறேன் என்று சொல். மீன் அரியும்போது குடலையும் செவுளையும் ஏரியில் எறியாமல் பூனைக்குப் போடச் சொல், வயிறு நிறைந்தால் பாதித் திருட்டு குறையும். பூனைகளை எலி பிடிக்க வேண்டும் என்று கேட்கிற வீட்டுக்குக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அஞ்சலை சொல்லட்டும். அப்படியும் அவர்கள் பிடிவாதமாகப் பாட்டைத் தள்ளிவைத்தால் தள்ளிவைக்கட்டும். இழப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு சுற்று பட்டினி கிடந்து எழுந்துவிடலாம். இங்கே வா, உன் நைனாவின் பாட்டில் ஒரு கை பிடி. ஆனால் அஞ்சலையைக் கேட்பது என்றால் உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டு, அவளும் தலையாட்டட்டும் என்று கேட்பது இல்லை. அவள் சொல்கிற பதில் உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம், அதற்கும் இடம் வைத்துக் கேட்க வேண்டும்.

இதுவரை எழுதி முடித்ததை வாசித்துக்காட்டு என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவன் வாசித்துக்கொண்டிருந்தான். திருக்கை வரும் இடத்தில் அவன் குரல் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் உன் நைனா வாசலில் நிற்கிறார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கால் ஈரம் காயாமல் இருந்தது. காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன், மாப்பிள்ளையும் அதை மார்போடு அணைத்துக்கொண்டான். அவர் உள்ளே வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்தார். "நிறுத்தாத. படி" என்றார். அவன் மிச்சத்தையும் படித்தான். அவர் அந்தக் கையை மடியில் வைத்து, இல்லாத விரல்களின் இடத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். நான் அவரைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

படித்து முடிந்ததும் உன் நைனா என் பக்கம் திரும்பினார். பிறகு, "அன்னிக்கு உன்னக் கேட்டிருந்தா எத்தினி வெச்சிக்கலாம்னு சொல்லியிருப்ப?" என்றார்.

மகனே, இத்தனை வருஷமும் மனதுக்குள் அவரோடு போட்ட சண்டையில் இந்த ஒரு கேள்விக்கு நான் பதில் எடுத்து வைத்திருக்கவில்லை, கேட்பார் என்று எதிர்பார்த்தால்தானே. கண் நிறைந்துவிட்டது. "மூணு" என்றேன். "சாம்பலும் கெளுத்தியும் எலிக்கு. கெழத்த நான் சும்மா வெச்சிக்கினிருப்பேன்."

அவர் தலையாட்டினார். மாப்பிள்ளை இதையும் எழுதட்டுமா என்று என்னைப் பார்த்தான். "எழுது" என்றார் உன் நைனா. "பாம்புன்னே எழுது."

மூன்று என்பது என் வீட்டுக்கு நான் சொன்ன எண். உன் வீட்டுக்கு என்னைக் கேட்காதே. இந்தக் கடிதம் வந்து சேரும்போது அஞ்சலை இன்னும் அங்கே இருந்தால் எழுந்து போய் அவளைக் கேள். படகேறிப் போய்விட்டிருந்தால் அடுத்த படகைப் பிடித்துப் போய்க் கேள்.

உன் அம்மா